இடக்கையில் மவுஸ் பிடித்து விளையாடுவோர் தொடங்கும் முன் அறிய வேண்டியவை: என் அனுபவம்

கணினி விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே கை அமைப்பை மனத்தில் வைத்துத்தான் உருவாக்கப்படுகின்றன. வலக்கையில் மவுஸ் இருக்கும், இடக்கை விரல்கள் நடமாட்டத்துக்கான டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகளின் மீது இருக்கும் என்றே அவை எடுத்துக்கொள்கின்றன. மனிதர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர்களிலும் பலர் மவுஸை மட்டும் வலக்கையில் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். அப்படிப் பழகி, எந்தச் சிரமமும் இல்லாமல் விளையாடுபவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இடக்கையில் மட்டுமே மவுஸை நம்பிக்கையோடு நகர்த்த முடிகிற என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பொருந்தும் அமைப்பைக் கண்டடைவதற்குள் மாதக்கணக்கில் நேரமும், பயன்படாத பொருள்களில் கணிசமான பணமும் போயின. இவற்றை அப்போது ஒருவர் வரிசையாகச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1993இல் வந்த டூம் விளையாட்டில் நடமாட்டம் அம்புக்குறி விசைகளில்தான் இருந்தது; 1996இல் வந்த குவேக்கிலும் இயல்பு அமைப்பு அதுவே. த்ரெஷ் என்ற பெயரில் விளையாடிய டென்னிஸ் ஃபாங் 1997இல் குவேக் போட்டியில் வென்று புகழ்பெற்றபோது, அவர் கையாண்ட டபிள்யூ, ஏ, எஸ், டி அமைப்பும் பரவியது. 1998இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டு அதையே தன் இயல்பு அமைப்பாக வைத்துக்கொண்டு வந்தது. அதன் பிறகு கீபோர்டின் இடது ஓரத்தைச் சுற்றியே எல்லா விளையாட்டுகளும் தங்கள் விசைகளை அடுக்கத் தொடங்கின. வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அமைப்பு இயற்கையாக அமைந்த ஒன்றல்ல. வலக்கைக்காரர்களுக்கு வசதியாக இருந்ததால் வழக்கமாகிப்போனது. அதை மாற்றி அமைத்துக்கொள்வதில் தயங்க ஒன்றுமில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. "வலக்கையில் பழகிக்கொள், எல்லாரும் அப்படித்தானே விளையாடுகிறார்கள்" என்று நண்பர்கள் சொன்னபோது நானும் முயன்றேன். மெதுவாக நகரும் உத்தி விளையாட்டுகளில் ஓரளவு முடிந்தது. ஆனால் குறிபார்த்துச் சுட வேண்டிய விளையாட்டுகளில் என் கை எதிரியைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மீண்டும் தாண்டிப் போயிற்று. குழுவில் எப்போதும் கடைசி இடத்தில் நிற்பது மனத்தைச் சோர வைத்தது. விளையாட்டையே விட்டுவிடலாமா என்று நினைத்த மாலைகள் உண்டு.

முதலில் பணம் போனது மவுஸில். கடைகளில் கிடைக்கும் விளையாட்டு மவுஸ்களில் பெரும்பாலானவை வலது உள்ளங்கைக்கு ஏற்றபடி வளைந்தவை. அப்படி ஒன்றை இடக்கையில் பிடித்தால் கட்டைவிரல் தங்க வேண்டிய குழிவில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய் உட்காரும். கட்டைவிரலோ பிடிமானம் இல்லாமல் எதிர்ப்பக்கத்துச் சரிவில் வழுக்கிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் எனக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி தொடங்கியது. அதனால் 'இரு கைக்கும் ஏற்றது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்த வேறொன்றை வாங்கினேன். உருவம் உண்மையாகவே இருபுறமும் ஒரே மாதிரி இருந்தது, ஆனால் பக்கவாட்டுப் பட்டன்கள் இரண்டும் இடப்பக்கத்தில் மட்டுமே இருந்தன. அதாவது வலக்கைக்காரரின் கட்டைவிரல் படும் இடத்தில். என் கையில் அவை மோதிர விரலுக்கு அடியில் சிக்கி, இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் தாமாக அழுந்தின. உருவம் சமச்சீராக இருப்பது வேறு, பட்டன்கள் இருபுறமும் இருப்பது வேறு, இடக்கைக்கென்றே செய்யப்பட்டிருப்பது வேறு. இந்த மூன்றும் விளம்பரங்களில் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஒரே பெயர்வரிசையில் வரும் மாடல்களுக்குள்ளும் இது மாறும்: 2018இல் வந்த லாஜிடெக் ஜி புரோ வயர்லெஸ் மாடலில் இருபுறமும் கழற்றி மாட்டத்தக்க பட்டன்கள் உண்டு, அதற்கு அடுத்து 2020இல் வந்த சூப்பர்லைட்டில் இடப்பக்கத்தில் மட்டுமே உண்டு. ரேசர் வைப்பரின் 2019 மாடலில் இருபுறமும் இருந்தன, 2022இன் வி2 புரோவில் ஒருபுறம் மட்டுமே. ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல், மவுஸின் வலப்பக்கத்தைத் தெளிவாகக் காட்டும் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இடக்கைக்கென்றே வடிவமைத்தவற்றில் ரேசர் நாகாவின் இடக்கைப் பதிப்பு குறிப்பிடத்தக்கது. ஆனால் இத்தகையவை எப்போதும் கையிருப்பில் கிடைப்பதில்லை.

மவுஸ் கைக்கு வந்ததும் அடுத்த சிக்கல், எந்தப் பட்டன் முதன்மை என்பது. இடக்கையில் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் வலது பட்டனின் மீது இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் முதன்மைப் பட்டனை வலதுக்கு மாற்றும் வசதி இருக்கிறது, நானும் அங்கேதான் மாற்றினேன். டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. விளையாட்டைத் திறந்தால் மெனுவில் ஆள்காட்டி விரல் வேலை செய்தது; ஆட்டம் தொடங்கியதும் அதே விரலை அழுத்தினால் துப்பாக்கி சுடுவதற்குப் பதிலாகக் குறிபார்த்தது. மவுஸ் பழுது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு. விண்டோஸ் செய்யும் மாற்றம் சாதாரண மென்பொருள்களுக்குப் போகும் செய்திகளில் மட்டுமே நிகழ்கிறது. விளையாட்டுகள் பலவும் அந்தப் பாதையைத் தவிர்த்து, 'ரா இன்புட்' என்னும் வழியில் மவுஸின் உண்மையான பட்டனையே நேரடியாகக் கேட்டு வாங்குகின்றன. அங்கே இடது என்பது எப்போதும் இடதுதான். இதைச் சரிசெய்ய நான் மவுஸின் சொந்த மென்பொருளிலும் பட்டன்களை மாற்றினேன். உடனே டெஸ்க்டாப்பில் தலைகீழாயிற்று, ஏனெனில் இரண்டு இடத்தில் மாற்றினால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும்.

இந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, மாற்றத்தை ஒரே ஓர் இடத்தில் செய்யுங்கள், அந்த இடம் கையில் இருக்கும் கருவிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மவுஸுக்குள் நினைவகம் இருந்தால் அதன் மென்பொருளில் பட்டன்களை மாற்றி, அந்த நினைவகத்திலேயே சேமித்துவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸைப் பழையபடி இடதுக்கே விட்டுவிட வேண்டும். அப்போது விண்டோஸும் விளையாட்டும் ஒரே செய்தியைத்தான் பெறும். மவுஸை வேறு கணினியில் செருகினாலும் அமைப்பு கூடவே வரும். மாற்றும்போது முதலில் வலது பட்டனுக்கு இடது கிளிக்கை ஒதுக்குங்கள், பிறகு இடது பட்டனுக்கு வலது கிளிக்கை ஒதுக்குங்கள். குறைந்தது ஒரு பட்டனாவது இடது கிளிக்காக இருக்க வேண்டும் என்று சில மென்பொருள்கள் வற்புறுத்தும் என்பதால் இந்த வரிசை முக்கியம். உங்கள் மவுஸில் நினைவகம் இல்லையென்றால் விண்டோஸில் மாற்றிவிட்டு, ஒவ்வொரு விளையாட்டின் உள்ளேயும் சுடுவதை வலது பட்டனுக்கும் குறிபார்ப்பதை இடது பட்டனுக்கும் ஒதுக்கலாம். வேலை கூடுதல், ஆனாலும் நடக்கும். இடக்கையில் பிடித்துக்கொண்டு பட்டன்களை மாற்றாமலே, நடுவிரலால் இடது கிளிக் செய்து பழகியவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லைகள் எதுவுமே இல்லை. இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றால் அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

இனி வலக்கையைக் கீபோர்டில் எங்கே வைப்பது என்ற கேள்வி. முதலில் தோன்றுவது அம்புக்குறி விசைகள்தான். ஆனால் அவற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வலது ஷிஃப்டும் வலது கண்ட்ரோலும் அவற்றுக்கு இடப்பக்கத்தில் இருக்கின்றன. சும்மா இருக்கும் சுண்டுவிரலோ வலப்பக்கத்தில் இருக்கிறது. ஸ்பேஸ் பார் கைக்கு எட்டாது. ஓடுவது, குனிவது, குதிப்பது மூன்றையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே சுமக்க வேண்டிவரும். விசைகள் குறைவாகத் தேவைப்படும் ஓட்டப் பந்தய விளையாட்டுகளுக்கு அது போதும், மற்றவற்றுக்குப் போதாது. கீபோர்டின் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக இருக்கும் நம்பர் பேடு பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். எட்டு, நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றை நடமாட்டத்துக்கு வைத்தால் சுற்றிலும் விசைகள் நெருக்கமாக இருக்கின்றன, என்டரும் பூஜ்யமும் பெரிதாக இருக்கின்றன. அதில் ஒரு பெரிய பள்ளம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். பலரும் பரிந்துரைப்பது ஐ, ஜே, கே, எல். ஜே விசையின் மேலுள்ள சிறு மேடு ஆள்காட்டி விரலுக்கு இடம் காட்டும் என்பதால் தொடங்குவதற்கு அது எளிது. நான் கடைசியில் நிலைகொண்டது அதற்கு ஒரு விசை வலப்புறம் தள்ளி, ஓ, கே, எல், செமிகோலன் என்ற அமைப்பில்.

அதற்குக் காரணம் எழுத்துகள் அல்ல, விரல்கள். வழக்கமான அமைப்பில் இடது ஆள்காட்டி விரல் டியில், நடுவிரல் எஸ்ஸிலும் டபிள்யூவிலும், மோதிர விரல் ஏயில் இருக்க, சுண்டுவிரல் ஷிஃப்டுக்கும் கண்ட்ரோலுக்கும் பொறுப்பாக இருக்கிறது. இதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலக்கைக்கு மாற்றினால் ஆள்காட்டி விரல் கேயிலும், நடுவிரல் எல்லிலும் ஓவிலும், மோதிர விரல் செமிகோலனிலும் வந்து நிற்கும். சுண்டுவிரலுக்கு மேற்கோள்குறி விசையும் என்டரும் அகலமான வலது ஷிஃப்டும் கிடைக்கும். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் மீது தானாக விழும். இன்னும் ஒரு விசை வலப்புறம் தள்ளினால் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் விளிம்புக்குப் போய், வலது ஆல்ட்டைத் தொடத் தொடங்கிவிடுகிறது. கீபோர்டின் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக இல்லாமல் மேல் வரிசை சற்று இடப்புறம் சாய்ந்திருப்பதும் வலக்கைக்கே சாதகம்: வலப்புறத்திலிருந்து வரும் முன்கையின் விரல்கள் இயல்பாகவே மேல்-இடது திசையை நோக்கி நீளுகின்றன. இது நமக்கு எதிர்பாராமல் கிடைத்த ஆதாயம். கே விசையில் மேடு இல்லை என்பது மட்டும் குறை. அதன் மேல் ஒரு சிறு வட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன், பார்க்காமலே விரல் வந்து உட்காருகிறது.

மற்ற விசைகளையும் இதே முறையில் ஒதுக்கலாம். ஆர்-இல் இருக்கும் ரீலோடை, அதாவது துப்பாக்கியில் குண்டு நிரப்புவதை, யுவுக்கும், எஃப்-இல் இருப்பதை ஜேவுக்கும், ஜி-இல் இருப்பதை எச்சுக்கும் மாற்றினேன். ஆயுதங்களை ஏழு முதல் பூஜ்யம் வரையிலான எண்களில் வைத்தேன். ஒரே ஓர் இடத்தில் கண்ணாடி விதியை மீற வேண்டும். இடப்புறம் சாய்வது, வலப்புறம் சாய்வது போன்று திசை சார்ந்த ஜோடிகளைத் திருப்பிப் போட்டால் மூளை குழம்பும். வழக்கமாக அவை க்யூவிலும் ஈயிலும் இருக்கும். நான் இடப்புறச் சாய்வை ஐயிலும் வலப்புறச் சாய்வை பீயிலும் வைத்தேன். மடிக்கணினியில் விளையாடுபவர்கள் அமைப்பைத் திட்டமிடும் முன் வலது கண்ட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 முதல் வரும் சில கணினிகளில் அந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை இருக்கிறது. வலது ஆல்ட்டும் நம்பத்தக்கதல்ல. சில மொழி விசையமைப்புகளில் அதை அழுத்தினால் இடது கண்ட்ரோலும் சேர்ந்து அழுந்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

என்னை மிகவும் அலைக்கழித்தது அடுத்து நடந்ததுதான். ஓடுவதற்கு வலது ஷிஃப்டை வைத்திருந்தேன். சில நேரம் ஆட்டத்தின் நடுவில் ஒரு பீப் ஒலி கேட்கும், விளையாட்டு சிறிதாகி டெஸ்க்டாப் தெரியும். சில நேரம் கீபோர்டே செத்துப்போனதுபோல் ஆகிவிடும்: விசையைத் தட்டினால் ஒன்றும் நடக்காது, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஒரு அடி நகரும். கணினியை அணைத்து இயக்குவேன், கம்பியை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகுவேன், பிறகு சரியாகும், மறுநாள் மீண்டும் வரும். கடைக்காரர் தன் மேசையில் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். நான் நம்பாமல் புதிய கீபோர்டு வாங்கினேன். புதியதிலும் அதே பிரச்சினை வந்தபோது ஏற்பட்ட ஏமாற்றத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. உண்மையில் அது விண்டோஸின் அணுகல் வசதிகளில் ஒன்று. வலது ஷிஃப்டை எட்டு விநாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியை இயக்கவா என்று ஒரு பெட்டி எழும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு உதவுவதற்காக, குறுகிய நேரமே அழுந்தும் தட்டல்களைப் புறக்கணிக்கச் செய்யும் வசதி அது. அவர்களுக்கு அது மிகவும் தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இடது ஷிஃப்டை எவ்வளவு நேரம் பிடித்தாலும் இந்தப் பெட்டி வராது. அதனால் வலக்கைக்காரர்கள் யாரும் இதைச் சந்திப்பதில்லை, நான் கேட்ட எவருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை. பெட்டி எழும் கணத்தில் அருகிலிருக்கும் என்டரில் சுண்டுவிரல் பட்டாலே போதும், ஒப்புதல் கொடுத்ததாகிவிடும்.

தீர்வுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் பகுதிக்குள் கீபோர்டு என்ற பக்கத்தைத் திறந்தால் ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ், டாகிள் கீஸ் ஆகிய மூன்றும் இருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் கீபோர்டு குறுக்குவழி என்று தனி சுவிட்சு உண்டு. வசதி அணைந்திருந்தாலும் குறுக்குவழி இயங்கிக்கொண்டிருக்கும், ஆகவே அந்தச் சுவிட்சுகளைத்தான் அணைக்க வேண்டும். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸும், நம்பர் பேடில் இருக்கும் 'நம் லாக்' விசையை ஐந்து விநாடி பிடித்தால் டாகிள் கீஸும் எழும். நம்பர் பேடில் கை வைப்பவர்களுக்கு இரண்டாவதும் தொல்லைதான். உங்கள் கீபோர்டு திடீரென்று மந்தமானால் எதையும் வாங்குவதற்கு முன் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

நம்பர் பேடில் இருக்கும் பள்ளம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுவும் ஷிஃப்டைச் சார்ந்ததுதான். 'நம் லாக்' விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடில் எட்டை அழுத்தினால் விண்டோஸ் அதை மேல் அம்புக்குறியாக மாற்றுகிறது. மாற்றும் அந்தக் கணத்தில் ஷிஃப்டிலிருந்து விரலை எடுத்துவிட்டதாகவும் ஒரு பொய்ச் செய்தியை அனுப்புகிறது. விளையாட்டில் ஓட்டம் நின்றுபோகும், அல்லது வேறு விசை அழுந்தியதாகப் பதிவாகி ஆள் அப்படியே உறைந்து நிற்பார். 'நம் லாக்'கை அணைத்துவிட்டு விளையாடலாம், அல்லது ஓட்டத்தை ஷிஃப்டுக்குப் பதிலாக வேறு விசைக்கு மாற்றலாம். நான் இந்த அமைப்பைக் கைவிட்டதற்கு இது ஒரு காரணம்.

கீபோர்டு வாங்குவதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒரே நேரத்தில் எத்தனை விசைகள் பதிவாகும் என்பது. விசைகளுக்கு அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பு உள்ள, விலை குறைந்த மெம்பரேன் கீபோர்டுகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிக் கட்டங்களில் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தின் மூன்று மூலைகள் அழுந்தினால் நான்காவதும் அழுந்தியதுபோல் தோன்றும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கக் கீபோர்டு மூன்றாவது விசையையே புறக்கணித்துவிடும். விளையாட்டுக்கென்று விற்கப்படுபவற்றில் இதைச் சரிசெய்திருப்பார்கள், ஆனால் பல மலிவான மாடல்களில் அந்தச் சரிசெய்தல் டபிள்யூ, ஏ, எஸ், டியைச் சுற்றி மட்டுமே இருக்கும். வலது பாதியில் குறுக்காக ஓடிக்கொண்டே ரீலோடு செய்ய முயன்றால் ரீலோடு நடக்காது. எந்த விசையையும் தவறவிடாத, முழு ரோல்ஓவர் கொண்டது என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கும் கீபோர்டையே வாங்குங்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால், இணையத்தில் கிடைக்கும் கீபோர்டு சோதனைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஓவையும் செமிகோலனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்ற ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள். பிறகு ஓவையும் கேயையும் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். எது ஒளிரவில்லையோ அதற்கு முக்கியமான வேலை எதையும் ஒதுக்காதீர்கள். ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவை பொதுவாகத் தனிக் கம்பிகளில் இருப்பதால் தப்பிவிடும். நீண்ட நேரம் பிடித்திருக்க வேண்டிய செயல்களுக்கு அவையே உகந்தவை.

எல்லா விளையாட்டுகளும் விசைகளை மாற்ற அனுமதிப்பதில்லை என்பதுதான் மனத்துக்கு வருத்தம் தருவது. சிலவற்றில் நடமாட்டத்தை மாற்றலாம், ஆனால் பொருளை எடுக்கும் விசை நிலையாக ஈயிலேயே நிற்கும். சிலவற்றில் ஆட்டத்துக்குள் மாற்றம் செல்லுபடியாகும், மெனுவிலும் வரைபடத்திலும் பழைய விசைகளே இருக்கும். எல் விசையில் நடக்கும்போதெல்லாம் பணிப் பட்டியல் திறந்துகொண்டு நிற்கும். இவற்றுக்கு வெளியிலிருந்து விசைகளை மாற்றும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஆட்டோஹாட்கீ மிகவும் வசதியானது. ஆனால் பலர் சேர்ந்து விளையாடும் போட்டி விளையாட்டுகளில் சிலவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறைகள் அது இயங்கினாலே சந்தேகப்படும். கணக்கே முடங்கலாம் என்பதால் அவற்றில் நான் அதைத் தொடுவதில்லை. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் இருக்கும் கீபோர்டு மேனேஜர் சில விளையாட்டுகளில் வேலை செய்யாது. ஷார்ப்கீஸ், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே மாற்றத்தை எழுதிவிடுவதால் பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை. ஆனால் அது எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகிவிடும், பிறகு கடிதம் தட்டச்சு செய்யவும் அதே விசைகள்தான். வலது கண்ட்ரோலுக்கு அருகில் இருந்து தொல்லை தரும் மெனு விசையை முடக்க மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். செலவு செய்ய முடியுமானால் மிகத் தூய்மையான வழி, க்யூஎம்கே அல்லது வயா என்னும் மென்பொருள் மூலம் விசைகளைத் தனக்குள்ளேயே சேமிக்கும் கீபோர்டு. அதில் விளையாட்டுக்கென்று ஒரு தனி அடுக்கை வைத்துக்கொண்டு, ஒரு விசையால் அதற்கு மாறலாம். கணினிக்கு அது சாதாரணக் கீபோர்டாகவே தெரியும். இப்படி வெளியிலிருந்து மாற்றும்போது திரையில் 'எஃப் விசையை அழுத்துக' என்றுதான் வரும், உங்கள் விரலோ ஜேயில் இருக்கும். சில நாள்களில் பழகிவிடும்.

ஒரு கைக்கான கேமிங் கீபேட் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரேசர் டார்ட்டரஸ் போன்றவை இடக்கையில் வைத்துக்கொள்ளும் வடிவில் செய்யப்பட்டவை. இடக்கை என்ற சொல்லைப் பார்த்து அது நமக்கானது என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு வேண்டியது வலக்கையில் பொருந்தும் கீபேட். அசெரான் நிறுவனம் இரு கைக்கும் தனித்தனியே செய்கிறது. கீபேடே வேண்டாம் என்றால் நம்பர் பேடு இல்லாத கீபோர்டு ஒன்று போதும், ஏனெனில் வலப்பாதியில் கை வைக்கும்போது கீபோர்டை முழுவதுமாக வலப்புறம் தள்ளிவைக்க நேரும். நீளமான கீபோர்டு மேசையின் ஓரத்துக்கு வெளியே போய்விடும். நான் கீபோர்டின் இடது முனையைச் சற்றே முன்னால் இழுத்துச் சாய்த்து வைக்கிறேன். வலது மணிக்கட்டு வளையாமல் முன்கையோடு நேராக இருக்கிறது. மவுஸின் கம்பி கணினிப் பெட்டியின் வலப்புறத்திலிருந்து வந்து கீபோர்டில் மாட்டி இழுபடுவதும் நமக்கே உரிய தொல்லை. நீட்டிப்புக் கம்பி ஒன்றை மேசைக்குப் பின்னால் சுற்றி இடப்புறம் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும்.

சுடும் விளையாட்டுகளில் திரையில் துப்பாக்கி எந்தக் கையில் தெரிகிறது என்பது அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. இடக்கை மவுஸை நகர்த்தும்போது திரையிலும் ஆயுதம் இடப்புறம் இருந்தால் கையும் கண்ணும் ஒன்றுபடுவதை உணர்கிறேன். கவுண்டர்-ஸ்டிரைக் 2 விளையாட்டு 2023இல் வெளிவந்தபோது ஆயுதத்தை இடக்கைக்கு மாற்றும் வசதி இல்லாமல் போயிருந்தது, 2024 ஏப்ரலில் திரும்ப வந்தது. வேலரன்ட்டிலும் உண்டு. செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்.

அமைத்து முடித்ததும் அதைப் பாதுகாப்பது அடுத்த வேலை. புதிய பதிப்பு வரும்போது சில விளையாட்டுகள் விசைகளை இயல்பு நிலைக்குத் திருப்பிவிடும். வேறொரு கணினியில் உள்நுழைந்தால் அங்கிருக்கும் பழைய அமைப்பு கிளவுட் வழியாக வந்து உங்களுடையதை அழித்துவிடவும் கூடும். விளையாட்டின் விசை அமைப்பு இருக்கும் கோப்பு பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டா கோப்புறைக்குள் கிடைக்கும். அதை நகலெடுத்துத் தனியே வையுங்கள், மாற்றும் பக்கத்தைப் படமாகவும் எடுத்துவையுங்கள். புதிய விளையாட்டு வாங்கினால் கதைக்குள் நுழையும் முன் விசை மாற்றும் பக்கத்தைத் திறந்து, செமிகோலனையும் வலது ஷிஃப்டையும் ஏற்றுக்கொள்கிறதா என்று சோதியுங்கள். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாள்களுக்குள்ளும் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடிய நிலையிலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சோதனைக்கு அந்த அவகாசம் தாராளமாகப் போதும். திருப்பிக் கொடுக்கும்போது காரணம் எழுதும் இடத்தில், எந்த விசையை மாற்ற முடியவில்லை, அது எந்தத் திரையில் நேர்ந்தது என்று குறிப்பாக எழுதுங்கள். உருவாக்கியவர்களுக்கும் அதையே அனுப்புங்கள். 'இடக்கைக்காரர்களுக்கு வசதி இல்லை' என்று பொதுவாக எழுதியவற்றுக்கு எனக்குப் பதில் வந்ததில்லை. 'பொருளை எடுக்கும் விசை ஈயிலிருந்து மாறவில்லை' என்று எழுதியது ஒன்று, அடுத்த பதிப்பிலேயே சரிசெய்யப்பட்டு வந்தது.